உயரமான இடத்துக் கண்ணாடி: ரேட் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டாவது மாடி, வெளிப்பக்கம், கயிற்றில் இறங்கித்தான் துடைக்க வேண்டும் என்று போன் வந்தால் கண்ணாடி துடைக்கும் தொழிலில் இருக்கும் நம்மில் பலர் வழக்கமான சதுர அடி ரேட்டை இரண்டால் பெருக்கி அங்கேயே சொல்லிவிடுகிறோம். ஆபத்துக்குக் கூடுதல் காசு வாங்கியாயிற்று என்று மனசும் சமாதானமாகிவிடும். அந்தக் காசால் ஆபத்து துளியும் குறையாது. அந்த வேலையை ஆபத்தில்லாமல் முடிக்க என்னென்ன ஆகுமோ அதற்குத்தான் விலை வைக்க வேண்டும், அப்படி முடிக்க வழியே இல்லாத வேலைக்கு ரேட்டே சொல்லக் கூடாது.

கயிற்று வேலையில் சதுர அடிக் கணக்கு உதவாது, ஏனென்றால் துடைப்பதைவிட மற்றதற்குத்தான் நேரம் போகிறது. ஒரு இறக்கத்தில் கை எட்டுகிற அகலத்தை மட்டும் துடைக்கலாம், தரைக்கு வந்ததும் மறுபடி மேலே போய், கயிற்றை நகர்த்திக் கட்டி, முடிச்சைச் சரிபார்த்து, அப்புறம்தான் அடுத்த இறக்கம். அதனால் கட்டடத்துக்கு எத்தனை இறக்கம், ஒரு நாளைக்கு எத்தனை முடியும் என்று எண்ணி, நாள் கணக்கில் விலை போடுங்கள். தொங்குகிறவருக்கு இரண்டு கயிறு, வேலைக்கு ஒன்று, காப்புக்கு ஒன்று, இரண்டும் தனித்தனிப் பிடிமானத்தில். மொட்டை மாடியில் கயிற்றைப் பார்த்துக்கொள்ள ஒருவர், கீழே ஆட்கள் நடந்துவிடாமல் தடுக்க ஒருவர். துடைப்பவர் ஒருவர்தான், கூலி மூன்று பேருக்கு. பேரம் பேசும்போது முதலில் வெட்டப்படுவது அந்தக் கீழே நிற்கும் ஆள்தான், தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். மேலே இருந்து கை நழுவி விழும் வைப்பர் யார் தலையில் விழும் என்று நமக்குத் தெரியாது.

வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவை வைத்து ரேட் சொல்வது இன்னொரு பெரிய தவறு. போட்டோவில் கண்ணாடி தெரியும், மொட்டை மாடி தெரியாது. அங்கே போய்ப் பார்த்தால் கயிறு கட்ட வாட்டர் டேங்க் பைப்பையும் துருப்பிடித்த கைப்பிடிக் கம்பியையும் காட்டுவார்கள், இரண்டுமே பிடிமானம் ஆகாது. மேல் மாடி ஸ்லாபுக்கு அடியில் மலைத்தேனீக் கூடு தொங்கலாம், அதை முதலில் அப்புறப்படுத்த வேண்டும், அந்தச் செலவு தனி. பிடிமானமே இல்லை, பூம் லிஃப்ட் (நீளும் கையின் நுனிக் கூடையில் ஆளை உயர்த்தும் வண்டி) கொண்டுவரலாம் என்றால், இருபது மீட்டர் எட்டுகிற வண்டியே பத்து டன் பக்கம் வரும். சென்னையில் பல அப்பார்ட்மெண்டுகளில் சுற்றுச்சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவே இருக்கும் தளத்துக்கு அடியில் கார் பார்க்கிங் இருக்கிறது, அந்த ஸ்லாப் அவ்வளவு எடையைத் தாங்குமா என்று இன்ஜினியர் எழுதிக் கொடுக்காமல் வண்டியை ஏற்றக் கூடாது. நேரில் போய்ப் பார்ப்பதற்கே ஒரு தொகை வாங்குங்கள், வேலை கிடைத்தால் பில்லில் கழித்துக்கொள்ளலாம்.

தனி வீடுகளில் ஆபத்து வேறு மாதிரி வரும். "சன்ஷேடுல ஏறி நின்னா எட்டிடும் தம்பி, போன தடவை வந்த பையன் ஏறினானே, ஐந்நூறு சேர்த்துத் தர்றேன்" என்பார்கள். சன்ஷேடு மழைக்கும் வெயிலுக்கும் கட்டியது, ஆள் நிற்பதற்கு இல்லை. பழைய வீடுகளில் உள்ளே கம்பி துருப்பிடித்திருப்பது மேல் பூச்சில் தெரியாது. ஐந்நூறு இல்லை, ஐயாயிரம் தந்தாலும் ஏறக் கூடாது. அவர்களுக்கு வேறு வழி சொல்லுங்கள். ஸ்லைடிங் கதவாக இருந்தால் இரண்டு பேர் பிடித்து உள்பக்கமாகவே தூக்கிக் கழற்றி, பாத்ரூமில் கழுவி மாட்டலாம். இல்லையென்றால் நீண்ட கம்பில் பிரஷ் மாட்டி, தரையில் நின்றே ஆர்.ஓ. தண்ணீர் விட்டுக் கழுவலாம். போர்வெல் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கும்.

கறைக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். புதுக் கட்டடத்தில் சிமெண்ட், பெயிண்ட் துளிகள், பழைய கட்டடத்தில் உப்புத் தண்ணீர் படிந்த கறை, இதையெல்லாம் சாதாரணத் துடைப்பு ரேட்டில் ஒத்துக்கொண்டால் கூலிக்கே கட்டாது. பிளேடு போட்டுச் சுரண்டினால் டெம்பர்டு (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியில் கீறல் விழலாம், ஃபிலிம் ஒட்டியிருந்தால் அது கிழியும். ஃப்ளோரைடு சேர்ந்த ஆசிட் கறையோடு சேர்த்துக் கண்ணாடியையும் அரிக்கும், தோலில் பட்டால் உள்ளே எலும்புவரை போகும், அதை வைத்து வேலையைச் சுருக்கப் பார்க்காதீர்கள். ஒரு மூலையில் கையளவு துடைத்துப் பார்த்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று வாடிக்கையாளர் முன்னாலேயே காட்டி, அதற்கு அப்புறம் விலை சொல்லுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல்களைப் போட்டோ எடுத்து, பார்த்தேன் என்று கையெழுத்து வாங்குங்கள், ஏனென்றால் எட்டாவது மாடியில் ஒரு கண்ணாடியை மாற்றும் செலவு மொத்த வேலையின் கூலியையும் தாண்டிவிடும்.

இன்சூரன்ஸ் இல்லாமல் குறைந்த ரேட் சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். வேலையின்போது ஆள் இறந்தால் இழப்பீடு என்பது மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்கி வருவது. முப்பது வயதுக்கு 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் அந்தக் காரணி 207.98 என்று இருந்தது. சம்பளம் 15,000 என்று வைத்தால் பாதி 7,500, பெருக்கினால் 15 லட்சத்து 60 ஆயிரத்துக்கு அருகில். பாலிசி பிரீமியத்தை வருஷத்தின் வேலை நாட்களால் வகுத்து, பெல்ட், கயிறு தேய்மானத்தோடு ஒவ்வொரு கொட்டேஷனிலும் ஏற்றுங்கள்.

அப்புறம் நின்றுபோகும் நாட்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, மற்ற மாதங்களில் திடீர்க் காற்று. காற்றால் பாதியில் நிறுத்தினால் அந்த நாளுக்கு எவ்வளவு, இறங்குவதா வேண்டாமா என்ற முடிவு யாருடையது என்று முன்னாலேயே எழுதுங்கள், அந்த முடிவு நம்முடையதாகவே இருக்க வேண்டும். மேற்குப் பார்த்த கண்ணாடியில் மதியத்துக்கு மேல் சோப்புத் தண்ணீர் வழிப்பதற்குள் காய்ந்துவிடும், அங்கே காலை மட்டும்தான் வேலை, அதனால் நாள் கூடும். பூம் லிஃப்ட் வாடகையை முன்பணமாக வாங்குங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 18 சதவீதம் தனி என்று தெளிவாகப் போடுங்கள், இல்லாவிட்டால் சொன்ன தொகைக்குள்ளேயே இருக்கிறது என்று சாதிப்பார்கள்.