பிரவுசரில் ஆய்வுக் கட்டுரை படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

மண்டபம், பாம்பன் பக்கம் கடலைப் பற்றிப் படிக்கும் மாணவர்களுக்குக் கட்டுரை தேடுவது அன்றாட வேலை. ஊரில் பெப்சி பாசி என்கிற கப்பாபைகஸ், குருசடைத் தீவுப் பவளங்கள் மேல் படர்ந்ததைப் பற்றி 2008இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதைக்கூடக் கைப்பேசியிலேயே படித்துவிடலாம். சிக்கல் படிக்கும் முறையில்தான்.

மென்பொருள் ஓப்பன் சோர்ஸ், அதாவது அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தது, என்றால் கட்டுரையும் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டுரைகளைச் சேர்த்துவைத்து மேற்கோள் எழுத உதவும் ஸோட்டெரோ மென்பொருளுக்குக் காசில்லை, சரி. அதற்காகப் பதிப்பாளர் பூட்டிவைத்த கட்டுரையை அது திறந்துவிடாது. அதற்குப் பிரவுசரில் ‘அன்பேவால்’ என்கிற நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) போட்டுக்கொள்ளுங்கள். சட்டப்படி வெளியான இலவசப் பிரதி இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும். மீன், பாசி, பவளம் என்றால் அதற்கும் முன்னால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தைப் பாருங்கள். தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை மண்டபத்தில் இருந்த நிறுவனம் அது. பழைய கட்டுரைகளில் நம் கரை நிறையவே வரும்.

அந்தப் பழைய கட்டுரைகளில்தான் அடுத்த தவறு. தேடல் பெட்டியில் தீவின் பெயரைத் தட்டி, ஒன்றும் வரவில்லை என்றதும் மூடிவிடுகிறார்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படமாக இருந்தால், படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் வசதி இல்லாத ரீடரால் அதில் எழுத்தைத் தேட முடியாது. எழுத்து இருந்தாலும் குருசடையின் ஆங்கில எழுத்துக்கூட்டல் கட்டுரைக்குக் கட்டுரை மாறும். இரண்டு மூன்று விதமாகத் தட்டிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸுக்குள் பிடிஎஃப்பைத் திறந்து காட்டுவது பிடிஎஃப்.ஜேஎஸ் என்கிற மென்பொருள். அதிலேயே ஹைலைட் செய்யலாம், குறிப்பும் எழுதலாம். ஆனால் கோப்பை மறுபடி சேமிக்காமல் டேபை மூடினால் அவ்வளவுதான், மஞ்சள் கோடு எல்லாம் போய்விடும். வலைப்பக்கத்தின் மேலேயே குறிப்பு எழுத உதவும் ஹைப்பாதிசிஸில் ஆபத்து நேர்மாறானது. அங்கே குறிப்பை எழுதிப் பதிவிட்டால் இணையத்தில் சேமிப்பாகும், நீங்கள் மாற்றாவிட்டால் ஊருக்கே தெரியும்படி. உங்கள் ஆய்வு வழிகாட்டியின் கட்டுரையில் ‘இது சுத்த உளறல்’ என்று எழுதுவதற்கு முன் ‘எனக்கு மட்டும்’ என்பதைத் தேர்ந்துகொள்வது நல்லது!

கைப்பேசியில், ஒரு பக்கத்தில் எழுத்து இரண்டு வரிசையாக இறங்கும் பிடிஎஃப்பை இழுத்து இழுத்துப் படிப்பது கண்ணுக்கும் பொறுமைக்கும் கேடு. முழுக் கட்டுரையும் வலைப்பக்கமாகவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஈலைஃப் இதழ் 2013இல் வெளியிட்ட ‘லென்ஸ்’ ரீடர் ஒருபக்கம் எழுத்து, மறுபக்கம் படமும் மேற்கோளும் என்று பிரித்துக் காட்டியது. படிக்க அருமையான ஏற்பாடு. ஆனால் இதழ் தன் கட்டுரையை பகுதி பகுதியாகக் குறியிட்ட எக்ஸ்எம்எல் வடிவில் தந்தால்தான் அது வேலை செய்யும். கையில் இருக்கும் பிடிஎஃப்பை அதில் போட்டுவிட்டு ஓடவில்லையே என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை. அப்புறம், வலைப்பக்கத்தில் படித்துவிட்டுப் பக்க எண்ணைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். அதை மட்டும் பிடிஎஃப்பில் பார்த்து எழுதுங்கள்.

கடைசியாக, எப்போதோ இறக்கிவைத்த பிரதியை அப்படியே நம்புவது. கட்டுரைக்குத் திருத்தம் வந்திருக்கலாம், இதழே அதைத் திரும்பப் பெற்றிருக்கலாம். ஸோட்டெரோவில் சேர்த்துவைத்திருந்தால், திரும்பப் பெற்றதாகப் பதிவான கட்டுரையைப் பற்றி அதுவே எச்சரிக்கும். பென்டிரைவில் கைமாறி வந்த பிடிஎஃப்புக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணைப் பிரவுசரில் போட்டு இதழின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மேற்கோள் காட்டுங்கள்.