முதலாண்டு நிதியுதவியை நான்கால் பெருக்காதீர்கள்

அமெரிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்தவுடன் வரும் நிதியுதவிக் கடிதத்தில் உள்ள தொகை ஓராண்டுக்கு மட்டுமே உரியது. அதை நான்கால் பெருக்கிக் கணக்குப் போடுவதுதான் பெற்றோர் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

உதவித்தொகை குறையாவிட்டாலும் சுமை கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆண்டுச் செலவு 60,000 டாலர், கல்லூரி தரும் ஸ்காலர்ஷிப் 20,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். செலவு ஆண்டுதோறும் 4 விழுக்காடு உயர்ந்து, ஸ்காலர்ஷிப் அதே தொகையில் நின்றுவிட்டால், முதலாண்டில் 40,000 டாலராக இருந்த குடும்பத்தின் பங்கு நான்காம் ஆண்டில் ஏறத்தாழ 47,500 டாலராகிவிடும்.

கூட்டாட்சி அரசின் நிதியுதவிக்கான ஃபாஃப்சா (FAFSA) விண்ணப்பத்தை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நிரப்பியாக வேண்டும். அதில் கேட்கப்படுவது இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமானம். ஆகவே சம்பள உயர்வோ பங்கு விற்ற பணமோ, வந்த கையோடு செலவழிந்து போயிருந்தாலும், இரண்டு ஆண்டு கழித்து உதவியைக் குறைக்கக்கூடும். இளைய பிள்ளையும் கல்லூரிக்குப் போகும்போது உதவி கூடும் என்று காத்திருப்பதும் இன்று பிழையான கணக்கு. 2024-25 கல்வியாண்டு முதல், ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள் என்பதைக் கூட்டாட்சி அரசின் கணக்கீடு கருத்தில் கொள்வதில்லை. சில தனியார் கல்லூரிகள் மட்டும் தங்கள் சொந்த நிதியை வழங்கும்போது அதைப் பார்க்கின்றன.

மாணவர்கள் பெரிதும் வழுக்கி விழுவது, உதவி தொடர்வதற்குப் படிப்பில் காட்ட வேண்டிய முன்னேற்ற விதியில்தான். மதிப்பெண் சராசரியை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று நினைத்து, கடினமான பாடங்களை நடுவில் கைவிட்டுவிடுகிறார்கள். பதிவு செய்து கைவிட்ட பாடம் சராசரியைத் தொடாது. ஆனால் எடுத்த கிரெடிட்டுகளில் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகுகளில்) எத்தனையை முடித்தார் என்ற கணக்கில் அது முடிக்காத பாடமாகவே நிற்கும். பொதுவாகக் கல்லூரிகள் 67 விழுக்காட்டை எதிர்பார்க்கின்றன. 15 கிரெடிட் எடுத்த மாணவி 4 கிரெடிட் வேதியியலைக் கைவிட்டால் 73 விழுக்காட்டில் தப்பிவிடுவாள். கூடவே 3 கிரெடிட் கணிதத்தையும் விட்டால் 53 விழுக்காட்டுக்குச் சரிந்துவிடுவாள். கல்லூரியின் சொந்த ஸ்காலர்ஷிப்போ இதைவிடக் கண்டிப்பாக, 4.0-க்கு 3.0 அல்லது அதற்கும் மேற்பட்ட சராசரியைக் கேட்கலாம். பள்ளியில் முதலிடம் பெற்ற பிள்ளைக்கும் முதல் செமஸ்டரில் இது எளிதன்று. சேர்வதற்கு முன்பே இந்த எண்ணைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆண்டுக் கடிதத்தின் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதும் கூடாது. பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு அரசுக் கடன் வரம்பு முதலாண்டில் 5,500 டாலர், இரண்டாம் ஆண்டில் 6,500, அதன்பின் 7,500. கடிதத்தின் தொகையில் கடனும் சேர்ந்திருப்பதால், கொடை குறைந்து கடன் கூடியிருந்தாலும் மொத்தம் மாறாமல் தோன்றும். உள்ளூர் அமைப்புகள் தரும் ஸ்காலர்ஷிப்புகளில் பல ஒருமுறை மட்டுமே கிடைப்பவை.

வேலை இழப்பு, மணமுறிவு, பெரிய மருத்துவச் செலவு போன்றவை நேர்ந்தால், அடுத்த ஃபாஃப்சாவுக்காகக் காத்திராமல் பணிநீக்கக் கடிதம், மருத்துவமனை ரசீது முதலியவற்றுடன் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தை உடனே அணுகுங்கள். பழைய வருமானத்தை விடுத்து இன்றைய நிலையைக் கருத்தில் கொள்ளும் அதிகாரம் அந்த அலுவலருக்குச் சட்டப்படி உண்டு. ஆனால் கேட்காதவரின் நிலைமை அவருக்குத் தெரிய வழியில்லை.