ஆக்செஸ் டேட்டாபேஸை சி ஷார்ப் புரோகிராமோடு இணைக்க: முதலில் பிட்டைப் பாருங்கள்

மைக்ரோசாஃப்ட் ஆக்செஸில் ஒரு ஃபைல் இருக்கிறது, அதை சி ஷார்ப்பில் எழுதிய விண்டோஸ் ஃபார்ம்ஸ் புரோகிராமிலிருந்து படிக்கவும் எழுதவும் வேண்டும். இதற்கான நிரல் பத்துப் பதினைந்து வரிதான். ஆனாலும் புதிதாகச் செய்கிறவர்கள் பலர் இதில் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டு, சரியாக இருக்கும் நிரலையே திரும்பத் திரும்ப மாற்றி எழுதுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

ப்ரொவைடர் (புரோகிராமையும் டேட்டாபேஸையும் இணைக்கும் மென்பொருள்) இந்தக் கணினியில் பதிவாகவில்லை என்று பிழைச்செய்தி வந்தால் நிரலைத் தொடாதீர்கள். உங்கள் புரோகிராமும் ஆக்செஸ் எஞ்சினும் (ஆக்செஸ் ஃபைலைப் படித்து எழுதும் மென்பொருள், ப்ரொவைடர் இதில்தான் இருக்கிறது) ஒரே பிட்டில் இருக்க வேண்டும், இரண்டும் 32 அல்லது இரண்டும் 64. ஒன்று அப்படி, ஒன்று இப்படி என்றால் எஞ்சின் கணினியில் இருந்தும் புரோகிராமின் கண்ணுக்குத் தெரியாது. ஆக்செஸைத் திறந்து ஃபைல், அக்கவுன்ட், அபௌட் என்று போனால் எத்தனை பிட் என்று அங்கேயே எழுதியிருக்கும். அப்புறம் விஷுவல் ஸ்டுடியோவில் புராஜெக்ட் பிராப்பர்ட்டீஸுக்குப் போய், பில்ட் பகுதியில் பிளாட்ஃபார்ம் டார்கெட்டை அதற்கேற்ப எக்ஸ்86 (32 பிட்) அல்லது எக்ஸ்64 (64 பிட்) என்று வையுங்கள். எனி சிபியு என்று விட்டுவிடாதீர்கள், அது புரோகிராம் எந்த பிட்டில் ஓடும் என்பதை உங்கள் கையில் தராது. விஷுவல் ஸ்டுடியோ 2022 தானே 64 பிட் என்பதால், 32 பிட் ஆபீஸ் மட்டும் உள்ள கணினியில் அதன் டேட்டா விஸார்ட் முரண்டு பிடிக்கும். அந்த நிலையில் விஸார்டை விட்டுவிட்டு இணைப்பை நிரலில் நேரடியாக எழுதிவிடுவதே நல்லது.

இணைப்புச் சரத்தில் (எந்த டேட்டாபேஸோடு எப்படி இணைவது என்று நிரலில் சொல்லும் வரி) இரண்டு விஷயம்தான்: ப்ரொவைடர் பெயர், டேட்டா சோர்ஸ் என்ற ஃபைலின் முழுப் பாதை. ஆக்செஸ் 2007-இல் அறிமுகமான ஏசிசிடிபி ஃபைலுக்கு ஏஸ் ஓஎல்இடிபி 12.0 அல்லது 16.0 ப்ரொவைடர். ஜெட் 4.0 ப்ரொவைடர் பழைய எம்டிபி ஃபைலுக்கு மட்டும்தான், அதுவும் 32 பிட்டில் மட்டுமே. டாட் நெட் 5 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் ஓஎல்இடிபி பேக்கேஜை நூகெட்டில் (விஷுவல் ஸ்டுடியோவின் பேக்கேஜ் மேலாளர்) தனியாகச் சேர்க்க வேண்டும். இணைப்பைத் திறக்கும் இடத்தை யூஸிங் பிளாக்கில் எழுதுங்கள், வேலை முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும்.

இன்னொரு பொறி இருக்கிறது, இதில்தான் மனசு உடைந்துபோகும். பதிவு சேமித்ததாகக் காட்டும், பிழை எதுவும் வராது, ஆனால் அடுத்த முறை ஓட்டினால் அந்தப் பதிவைக் காணோம். புராஜெக்டுக்குள் ஃபைலைச் சேர்க்கும்போது காப்பி டு அவுட்புட் டைரக்டரி என்ற அமைப்பு காப்பி ஆல்வேஸ் என்று இருந்தால், ஒவ்வொரு பில்டிலும் மூல ஃபைல் பின் (bin) ஃபோல்டரில் உள்ள பிரதியின் மேல் எழுதப்படும், நீங்கள் சேமித்தது அதோடு போய்விடும். அதை டூ நாட் காப்பி என்று மாற்றிவிட்டு, ஃபைலை வேறொரு ஃபோல்டரில் வைத்து முழுப் பாதையைக் கொடுங்கள்.

எஸ்க்யூஎல் வரியில் பயனர் தட்டச்சு செய்ததை நேராக ஒட்டாதீர்கள், பெயரில் ஒரு ஒற்றை மேற்கோள்குறி இருந்தாலே உடையும், பாதுகாப்புக்கும் கேடு. வாக்கியத்தில் மதிப்புக்குப் பதிலாகக் கேள்விக்குறி வைத்து, மதிப்பைத் தனியாகக் கொடுக்கும் பாராமீட்டரைப் பயன்படுத்துங்கள். ஆனால் ஓஎல்இடிபி பாராமீட்டரின் பெயரைப் பார்ப்பதில்லை, வரிசையைத்தான் பார்க்கும், அதனால் வாக்கியத்தில் கேள்விக்குறிகள் வரும் அதே வரிசையில் சேர்க்க வேண்டும். பெயரின் ஒரு பகுதியை வைத்துத் தேடும்போது லைக் என்ற சொல்லோடு நட்சத்திரக்குறி போடாதீர்கள், அது ஆக்செஸுக்குள் எழுதும் க்வெரிக்கு, இங்கே சதவீதக்குறி. பாஸ்வேர்ட், டேட் என்று டேபிளின் நெடுவரிசைக்குப் பெயர் வைத்திருந்தால் சதுர அடைப்புக்குறி போடுங்கள், அவை ஒதுக்கப்பட்ட சொற்கள், இன்ஸர்ட் வாக்கியத்தில் தொடரியல் பிழை என்று வருவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

வேறு கணினியில் நிறுவும்போது அங்கே ஆபீஸ் இல்லையென்றால் ஆக்செஸ் டேட்டாபேஸ் எஞ்சினை, புரோகிராமின் அதே பிட்டில், தனியாக நிறுவுங்கள். டேட்டாபேஸை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைக்காதீர்கள், சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி இருக்காது.