ஓஷன் இன்ஜினியரிங் படிப்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

முதல் சறுக்கல் விண்ணப்பம் போடும்போதே நடந்துவிடுகிறது. கப்பலில் உலகம் சுற்றலாம் என்று நினைத்து ஓஷன் இன்ஜினியரிங்கில் சேருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கப்பலின் எஞ்சின் அறையில் அதிகாரியாக வேலை பார்ப்பதற்கு மரைன் இன்ஜினியரிங் படிக்க வேண்டும். அந்தப் பாதையில் கப்பலிலேயே பயிற்சிக் காலம் உண்டு, கப்பல் ஊழியர்களின் பயிற்சித் தரத்துக்கான எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச உடன்படிக்கையின்படி வாங்க வேண்டிய தகுதிச் சான்றிதழும் உண்டு. ஓஷன் இன்ஜினியரிங் பட்டம் அந்தச் சான்றிதழைத் தராது. கப்பலின் வடிவத்தையும் நிலைத்தன்மையையும் பார்ப்பது நேவல் ஆர்க்கிடெக்சர். உப்பு, வெப்பம், நீரோட்டம், உயிர்கள் என்று கடலையே ஆராய்வது கடலியல். ஓஷன் இன்ஜினியரிங்கின் அக்கறை கடலுக்குள் மனிதன் கொண்டுபோய் வைக்கும் பொருள்கள்மீது: எண்ணெய் மேடை, காற்றாலை, கடலடிக் குழாய், கேபிள், அலைதடுப்புச் சுவர், ஆளில்லா நீர்மூழ்கி.

எல்லைகள் அவ்வளவு கறாரானவை அல்ல. பல பல்கலைக்கழகங்கள் நேவல் ஆர்க்கிடெக்சரையும் இதையும் ஒரே பட்டமாகவே தருகின்றன. அதனால் பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். கப்பல் உந்துகை, கப்பல் கட்டுமானம் என்று நிறைந்திருந்தால் அது ஒரு திசை. அலை விசையியல், கடலடி மண், நங்கூர அமைப்பு, நீரடி ஒலியியல் என்று இருந்தால் வேறு திசை. பத்து நிமிட வேலைதான், ஆனால் இதைச் செய்பவர்கள் குறைவு.

கணக்கை ஒதுக்கி வைப்பது

கடல்மேல் ஆசை இருந்தால் போதும், கணக்கைச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு இரண்டாம் ஆண்டில் உடைந்துவிடும். கடலைவிட வகைக்கெழுச் சமன்பாடுகளைத்தான் இந்தப் படிப்பில் அதிகம் பார்க்க நேரும். அதைச் சேரும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அதைவிட மோசமான தவறு, சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை விட்டுவிடுவது. ஆழ்கடலில் அலைநீளம் காண எளிய வழி ஒன்று உண்டு: அலைக்காலத்தின் (அடுத்தடுத்த இரண்டு அலை முகடுகள் ஓரிடத்தைக் கடக்கும் இடைவெளி, விநாடியில்) வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கினால் மீட்டரில் விடை வரும். 10 விநாடி அலைக்கு 156 மீட்டர். ஆழம் அலைநீளத்தில் பாதிக்கு மேல், அதாவது 78 மீட்டருக்கு மேல் இருக்கும்வரை இந்தக் கணக்கு சரி. அதே அலை 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது, ஆழத்தையும் சேர்த்துக்கொள்ளும் முழுச் சமன்பாட்டில் போட்டால், அலைநீளம் ஏறக்குறைய 92 மீட்டர்தான். காலம் மாறாது, நீளம் சுருங்குகிறது, வேகமும் குறைகிறது. கரையோரக் கட்டுமானம் ஒன்றுக்கு விடைத்தாளில் 156 என்று எழுதினால், அதன் பிறகு வரும் எல்லா எண்களும் தப்பாகவே வரும்.

மெல்லிய தூண்மீது அலை தரும் விசையைக் கணிக்க 1950இல் வெளிவந்த மோரிசன் சமன்பாட்டுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. தூணின் விட்டம் அலைநீளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், தூணே அலையைக் கலைக்கத் தொடங்கிவிடும். அப்போது வேறு முறைக்குப் போக வேண்டும்.

நிகழ்தகவு 'சைடு பேப்பர்' அல்ல

என் கணிப்பில் இந்தப் படிப்பில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் பாடம் இதுதான். கட்டடத்தின்மேல் வரும் சுமையில் பெரும்பகுதியை ஓரளவு நிச்சயமாகச் சொல்லிவிடலாம். கடலில் ஓர் அலை மாதிரி அடுத்த அலை வராது. எனவே எல்லாமே புள்ளியியல் மொழியில்தான் பேசப்படுகிறது.

'சிறப்பு அலை உயரம் 8 மீட்டர்' என்று ஓர் அறிக்கை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவர் அதையே உச்ச உயரமாக எடுத்துக்கொள்கிறார். உண்மையில் அது, வந்த அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி மட்டுமே. மூன்று மணி நேரப் புயலில் சுமார் 1,000 அலைகள் வரலாம். அவற்றில் மிகப் பெரியது சிறப்பு அலை உயரத்தைப் போல் ஏறக்குறைய 1.86 மடங்கு, அதாவது 15 மீட்டர்வரை எழும் என்று எதிர்பார்க்க வேண்டும். அதையும் மிஞ்சும் அலைகள் உண்டு. 1995 ஜனவரி 1 அன்று வட கடலின் டிராப்னர் மேடையில், சிறப்பு அலை உயரம் 12 மீட்டர் அளவில் இருந்தபோது, 25.6 மீட்டர் உயர அலை ஒன்று கருவியில் பதிவானது.

'நூறு ஆண்டு அலை' என்பதும் இப்படித்தான் ஏமாற்றும். நூறு ஆண்டுக்கு ஒருமுறைதானே, நம் மேடை இருக்கப்போவது 25 ஆண்டு, அதற்குள் வராது என்று தோன்றும். ஒவ்வோர் ஆண்டும் அது வர 1 சதவீத வாய்ப்பு. 25 ஆண்டுகளில் ஒருமுறையாவது அந்த அளவு எட்டப்படும் வாய்ப்பு 22 சதவீதம். கால்குலேட்டரில் 0.99ஐ 25 முறை பெருக்கி, ஒன்றிலிருந்து கழித்துப் பாருங்கள்.

மென்பொருள் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

1991 ஆகஸ்ட் 23. நார்வேயின் ஸ்டாவாங்கருக்கு அருகே, ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடைக்கான பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளத்தை ஃபியோர்டில் (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் ஆழமான கடல்நீர்ப் பகுதி) மெல்ல நீரில் அமிழ்த்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சுமார் 65 மீட்டர் ஆழத்தில் உள்சுவர் ஒன்று வெடித்துத் தண்ணீர் புகுந்தது. முழு அடித்தளமும் மூழ்கி நொறுங்கிப் போனது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. விசாரணையில் தெரியவந்தது என்னவென்றால், கணினியில் சுவரைச் சிறு கூறுகளாகப் பிரித்த விதம் துல்லியமாக இல்லாததால், அங்கே வரும் வெட்டுத் தகைவு (ஷியர் ஸ்ட்ரெஸ்) 47 சதவீதம் குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது. அந்தக் கணிப்பை நம்பிச் சுவரை மெல்லியதாகவும், கம்பிகளைப் போதாமலும் வைத்துவிட்டார்கள். பிறகு கவனமாகச் செய்த கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்று காட்டியது. நடந்தது 65இல்.

வண்ண வண்ணமாகத் தகைவுப் படம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு சம்பவம் போதும். மென்பொருளைத் திறப்பதற்கு முன், ஒரு காகிதத்தில் தோராயமாக விடையைப் போட்டு வையுங்கள். கணினி சொல்வது அதிலிருந்து மூன்று மடங்கு விலகினால், எது தப்பு என்று தெரியும்வரை நகராதீர்கள். அப்புறம் கூறுகளை இன்னும் சிறிதாக்கி ஓட்டிப் பாருங்கள். விடை மாறிக்கொண்டே இருந்தால் அது விடையே அல்ல.

வெல்டிங், துரு, மண்

இந்த மூன்றையும் 'கடலோடு என்ன சம்பந்தம்' என்று ஒப்புக்குப் படித்துத் தள்ளுகிறார்கள். 1980 மார்ச் 27 அன்று வட கடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதவை மேடை கவிழ்ந்து, அதிலிருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். நீருக்கடியில் ஒலியைக் கேட்கும் ஹைட்ரோஃபோன் கருவி ஒன்றைத் தாங்குவதற்காக ஒரு குறுக்குத்தண்டில் வைத்த 6 மில்லிமீட்டர் வெல்டிங்கில் விரிசல் தொடங்கியிருக்கிறது. அலைகள் மீண்டும் மீண்டும் இழுத்து அந்த விரிசலை வளர்த்தன. குறுக்குத்தண்டு அறுந்ததும் மேடையின் ஒரு கால் பிய்த்துக்கொண்டு போனது. உலோகச் சோர்வு என்ற பாடத்தைத் தேர்வுக்கு முந்தைய இரவில் புரட்டுபவர்கள் இதைத்தான் விடுகிறார்கள்.

மண்ணுக்கும் இதே கதி. கடல் காற்றாலைகளில் பெரும்பாலானவை கடலடியில் அடித்து இறக்கிய ஒற்றைத் தூண்மேல் நிற்கின்றன. அந்தத் தூணின் வடிவமைப்பு மண் இயக்கவியலைப் பெரிதும் நம்பியிருக்கிறது. துருவைப் பொறுத்தவரை, எப்போதும் மூழ்கியிருக்கும் பகுதியைவிட அலை தெறித்து நனைந்து காயும் பகுதியில்தான் அரிப்பு அதிகம் என்பதையாவது மறக்க வேண்டாம்.

ஒரே தொழிலை நம்பிப் படிப்பது

எண்ணெய் நிறுவன வேலையை மட்டும் குறிவைத்துப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து. 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. அந்த இரண்டு ஆண்டுகளில் பட்டம் வாங்கியவர்கள் எவ்வளவு திண்டாடியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 2017இல் ஸ்காட்லாந்துக்கு அருகே 30 மெகாவாட் திறனுடன் ஹைவிண்ட் மிதவைக் காற்றாலைப் பண்ணை இயங்கத் தொடங்கியது. அதன் மிதவை, நங்கூரம், கேபிள் எல்லாமே எண்ணெய்த் துறையில் வளர்ந்த அறிவுதான். அலை, நங்கூரம், உலோகச் சோர்வு ஆகியவற்றில் பிடிமானம் இருந்தால் துறை மாறுவது பெரிய கஷ்டமில்லை. கூடவே பைத்தானில் நாமே நிரல் எழுதிப் பழகுவதும் உதவும்.

கடைசி ஆண்டு புராஜெக்ட் விஷயத்தில் ஒன்று. 'புதிய அலை மின்சாரக் கருவி வடிவமைப்பு' போன்ற தலைப்புகள் ஆசை காட்டும், ஆனால் ஓர் ஆண்டில் முடியாது. பதிலாக ஒரே ஒரு நங்கூரச் சங்கிலியை எடுத்து, அதன் இழுவிசையை நீங்களே எழுதிய நிரலில் கணித்து, பதிப்பிக்கப்பட்ட ஏதாவது ஓர் அலைத்தொட்டிச் சோதனையோடு (செயற்கை அலை எழுப்பும் ஆய்வகத் தொட்டியில் மாதிரியை வைத்துச் செய்வது) ஒப்பிடுங்கள். எங்கே ஒத்துப்போகவில்லை, ஏன் என்று இரண்டு பக்கம் எழுத முடிந்தால், நேர்முகத் தேர்வில் அரை மணி நேரம் பேச விஷயம் கிடைத்துவிடும்.