லோயஸ் சுவரிலிருந்து பழைய பருவமழையைக் கணிப்பது எப்படி?

லோயஸ் என்பது காற்று கொண்டுவந்து படியவைத்த தூசிமண். சீனத்தின் லோயஸ் பீடபூமியில் சுமார் 26 லட்சம் ஆண்டுகளாகக் காற்று கொட்டிய தூசி அடுக்கடுக்காகக் கிடக்கிறது. மஞ்சள் அடுக்கு குளிர்ந்த, வறண்ட காலத்தது. செம்பழுப்புத் தொல்மண் (புதைந்துபோன பழைய மண்) மழை மிகுந்த காலத்தது. அந்தப் பீடபூமியில் உள்ள லூச்சுவானில் படிவின் தடிமன் ஏறக்குறைய 135 மீட்டர், அதாவது சராசரியாக ஆயிரம் ஆண்டுக்கு 5 செ.மீ. அங்கே 10 செ.மீ.க்கு ஒரு மாதிரி எடுத்தால் 2,000 ஆண்டுக்கு ஒரு புள்ளிதான் தேறும். நூற்றாண்டு அளவிலான வறட்சியைத் தேடுபவர் தூசி வேகமாகப் படிந்த மேற்கு ஓரத்துக்குப் போவது நல்லது.

வெயில்பட்ட மேல்தோலை அரை மீட்டராவது செதுக்கிவிட்டு, கீழிருந்து மேலாக மாதிரி எடுங்கள். மேலிருந்து தொடங்கினால் உதிரும் மண் கீழடுக்கில் ஒட்டிக்கொள்ளும். எலிவளை, வேர்த்துளை, சுண்ணக்கட்டி உள்ள இடங்களை விட்டுவிடுங்கள்.

கோடைப் பருவமழைக்குச் சான்று காந்த ஏற்புத்திறன், அதாவது காந்தப்புலத்தில் மண் எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு. மண்ணை 40 டிகிரிக்கு மேல் சூடாக்காமல் உலர்த்தி, அரைக்காமல் நொறுக்கி, 10 கன செ.மீ. பிளாஸ்டிக் பெட்டியில் இறுக்கி நிரப்பி எடை போடுங்கள். ஆட்டம் இருந்தால் அளவீடும் ஆடும். 0.47, 4.7 கிலோஹெர்ட்ஸ் ஆகிய இரு அதிர்வெண்களிலும் அளந்து, ஒவ்வொரு தடவையும் வெற்றுக்காற்று அளவைக் கழியுங்கள். மண் உருவாகும்போது பிறக்கும் நுண்ணிய மேக்னடைட், மேகமைட் என்ற காந்த இரும்புத் தாதுத் துகள்கள் தொல்மண்ணில் இந்த இரு அளவுகளின் வித்தியாசத்தை 10 சதவீதம் வரை உயர்த்தும். தூசி அடுக்கில் அது சில சதவீதம்தான். நீர் தேங்கிய மண்ணில் அந்தத் துகள்கள் கரைந்துபோவதால், மழை கூடியும் எண் இறங்கும். சாம்பல் திட்டுகள் தெரிந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். சைபீரியா, அலாஸ்கா லோயஸில் உறவே தலைகீழ். சூத்திரத்தை அங்கே தூக்கிக்கொண்டு போகவேண்டாம்.

குளிர்காலக் காற்றுக்குச் சான்று துகளளவு: காற்று பலமானால் பெரிய துகள் வந்து சேரும். அரை கிராம் மண்ணில் 10 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 மி.லி. ஊற்றி நுரை அடங்கும்வரை சூடாக்குங்கள். பிறகு அதே அளவு 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம். காய்ச்சி வடித்த நீர் நிரப்பி ஓர் இரவு விட்டு, தெளிநீரை உறிஞ்சி எடுங்கள். துகள்களைப் பிரிக்கும் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் சேர்த்து 10 நிமிடம் மீயொலியில் வைத்த பின்பே, துகளளவை அளக்கும் லேசர் கருவியில் விடுங்கள். அமிலத்தில் அவசரப்பட்டால் சுண்ணம் ஒட்டிய துகள்கள் பெருமணலாகத் தெரியும், இல்லாத புயலைக் காட்டும். பாலைவன விளிம்பு நெருங்கிவந்தாலும் துகள் பெருக்கும் என்பதால், ஒரே சுவரை வைத்துக் காற்றின் வேகத்தைச் சொல்லக்கூடாது.

வயதுக்கு, இருமுனையும் மூடிய இரும்புக் குழாயில் வெளிச்சம் படாமல் மண் எடுத்து, கனிமத் துகள் கடைசியாக எப்போது வெயில் கண்டது எனச் சொல்லும் ஒளிர்வு முறையில் கணிக்கலாம். குவார்ட்ஸ் கனிமத்தின் ஒளிர்வு சுமார் 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் நிறைவடைந்து வயதைக் குறைத்துக் காட்டத் தொடங்கும், அதற்குமேல் பெல்ஸ்பார் கனிமம்தான். 7.8 லட்சம் ஆண்டுக்கு முந்தைய காந்தமுனைத் திருப்பம் (புவியின் காந்த வடக்கும் தெற்கும் இடம் மாறியது) மேலிருந்து எட்டாவதான, குளிர்ந்த காலத்து லோயஸ் அடுக்கில் தென்படுகிறது. கடற்படிவிலோ அது வெப்பக்காலத்தில் விழுகிறது. காந்தத் திசை படிவுக்குப் பிறகே பூட்டப்பட்டிருக்கலாம் என்பதால், இரண்டையும் அப்படியே ஒட்டவைக்காமல் அடுக்கு வரிசையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.