காரங்காடு அலையாத்தி காட்டுக்கு முதல் தடவ போறவங்களுக்கு: தேதிக்கு முன்னாடி தண்ணியப் பாருங்க

ராமநாதபுரம் பக்கம் வர்றவங்க பாதிப் பேரு ராமேஸ்வரம், தனுஷ்கோடி பாத்துட்டு அப்படியே வண்டியத் திருப்பிடுறாங்க. அதே மாவட்டத்துல தேவிபட்டினம் தாண்டி தொண்டி போற வழில காரங்காடுன்னு ஒரு மீனவ கிராமம் இருக்கு. ஊரை ஒட்டியே அலையாத்தி காடு, வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து படகு விடுறாங்க, நாமளே துடுப்பு போடுற சின்னப் படகு, அதான் கயாக், அதுவும் உண்டு, முன்னாடியே சொல்லி வெச்சா ஊர் அக்காமாரு கையால மீன் சாப்பாடும் கிடைக்கும். எனக்குத் தெரிஞ்சு இந்தக் கடற்கரையில குடும்பத்தோட போயி நிதானமா பாக்க இதைவிட நல்ல காடு இல்ல. எப்படிப் போறதுன்னு வரிசையா சொல்றேன்.

1. வழி

மேப்ல வெறும் அலையாத்தி காடுன்னு தேடாதீங்க, முத்துப்பேட்டை பிச்சாவரம்னு எங்கயாவது கொண்டு போயிரும். காரங்காடுன்னு ஊர் பேரப் போட்டு தேடுங்க. ராமநாதபுரத்துலருந்து ஈசிஆர் பிடிச்சா தேவிபட்டினம், உப்பூர், அப்புறம் காரங்காடு விலக்கு. பஸ்ல வர்றவங்க தொண்டி போற பஸ்ல ஏறி விலக்குல இறங்கிக்கலாம், அங்கருந்து ஊருக்குள்ள போக வேண்டியிருக்கும், ஆட்டோ எந்நேரமும் நிக்கும்னு நம்பி வராதீங்க. வழில உப்பூர் வெயிலுகந்த விநாயகர் கோவிலயும் தேவிபட்டினம் நவபாஷாணத்தயும் பாத்துக்கலாம், ஆனா காட்ட முடிச்சுட்டு திரும்புறப்ப பாருங்க, போறப்ப வேணாம். ஏன்னு அடுத்ததுல புரியும்.

2. தண்ணி நேரம்

இங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

பாக் நீரிணைப் பக்கம் கடல் ஏறி வத்துற வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்ளதான். இவ்வளவுதானான்னு தோணும். ஆனா அங்க தரை தட்டையா, தண்ணி ஆழமே இல்லாம இருக்கறதால அந்த ஒண்ணு ரெண்டு அடி வத்துனாலே படகு சேத்துல தட்டிரும், கயாக் மரத்துக்கு இடையில நுழையவே முடியாது. அதே ஒண்ணு ரெண்டு அடி ஏறுச்சுன்னா கிளை தலைய உரசுற அளவுக்கு உள்ள போகலாம்.

ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறும், ரெண்டு தடவ வத்தும், ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும். இத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. போன ஞாயித்துக்கிழமை காலைல 8 மணிக்குப் போனோம், சூப்பரா இருந்துச்சுன்னு ஃப்ரெண்ட் சொன்னா நம்பலாம், ஆனா இந்த ஞாயிறு அதே 8 மணிக்கு நீங்க போயி நின்னா கிட்டத்தட்ட தலைகீழா இருக்கும், ஏழு நாள்ல 50 நிமிஷம் 50 நிமிஷமா சேந்து ஆறு மணி நேரம் தள்ளிருக்கும்ல. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏத்தமும் அதிகம் வத்தலும் அதிகம்.

அதனால கடல் ஏறுற வத்துற நேரத்தக் காட்டுற டைட் ஆப் ஒண்ணுல பாம்பனோ தொண்டியோ போட்டுப் பாருங்க. ஆப்போட நின்னுறாதீங்க, காத்து ஆப்புக்குத் தெரியாது. கடல்லருந்து கரையப் பாத்து அடிச்சா தண்ணிய உள்ள தள்ளும், கரையிலருந்து கடலுக்கு அடிச்சா இருக்கறதயும் இழுத்துட்டுப் போயிரும். முதல் நாள் சாயங்காலம் அங்க படகு விடுறவங்களுக்கு போன் போட்டு, "அண்ணே, நாளைக்கு தண்ணி எப்பண்ணே ஏறும்"னு ஒரு வார்த்த கேட்டுக்கோங்க, அவங்க சொல்றதுதான் கடைசி. கட்டணமும் அப்பயே கேட்டுருங்க, அப்பப்ப மாறுது.

இதுல என் கருத்து என்னன்னா, தண்ணி முழுசா ஏறுனப்புறம் போறதவிட ஏறிக்கிட்டு இருக்கப்ப படகுல ஏறணும். ஏறுற தண்ணில படகு தட்டுனாலும் கொஞ்ச நேரத்துல தண்ணியே தூக்கி விட்டுரும். வத்துற தண்ணில தட்டுச்சுன்னா இறங்கித் தள்ளணும், இல்ல அடுத்த ஏத்தம் வரைக்கும் வெயில்ல உக்காந்திருக்கணும்.

3. ஏறுறதுக்கு முன்னாடி கரையில நடங்க

தண்ணி இன்னும் ஏறாதப்பவே போயி சேந்துருங்க. சேறு வெளிய தெரியிறப்பதான் பாக்க வேண்டியதெல்லாம் இருக்கு. மரத்தச் சுத்தி பென்சில் நட்டு வெச்ச மாதிரி மேல் நோக்கி நிக்கிறதெல்லாம் சுவாச வேர், சேத்துக்குள்ள காத்து இல்லாததால வேர் வெளிய வந்து மூச்சு விடுது. அத மிதிச்சு ஒடிச்சுறாதீங்க, குழந்தைங்களுக்கும் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. நடக்குற தடத்த விட்டு இறங்க வேணாம். ஒரே எடத்துல ரெண்டு நிமிஷம் ஆடாம நின்னீங்கன்னா பொந்துக்குள்ள ஓடுன நண்டெல்லாம் திரும்ப வெளிய வரும், ஆண் நண்டு ஒரே ஒரு பெரிய கொடுக்க மேலயும் கீழயும் ஆட்டும், பக்கத்துலயே சேத்துல துள்ளுற மீனும் கண்ணு ரெண்டயும் தலைக்கு மேல தூக்கி வெச்சுக்கிட்டு கிடக்கும்.

இங்க அதிகமா இருக்கற மரம் வெண்கண்டல். வெயில் ஏறுனப்புறம் அதோட இலையப் பாருங்க, பொடிப்பொடியா உப்பு மின்னும். வேர் வழியா வர்ற உப்ப மரம் இலை வழியா வெளிய தள்ளுது, விரலால தொட்டு நாக்குல வெச்சா கரிக்கும். ஆனா பேரு தெரியாத மரத்து இலையக் கிள்ளாதீங்க. அலையாத்தி காடுகள்ல தில்லைன்னு ஒரு மரம் உண்டு, அதோட பால் கண்ணுல பட்டா பெரிய ஆபத்து.

4. எடுத்துட்டுப் போறது

பின்னாடி வார் வெச்ச ரப்பர் செருப்புதான் சரி. சாதா செருப்ப சேறு உருவிக்கும், ஷூ ஒரு தடவ நனைஞ்சா நாள் பூரா கனம். பைனாகுலர் வெச்சிருந்தா 8x42 (எட்டு மடங்கு பெருசாக் காட்டுறது) போதும், 10x50 கனமும் ஜாஸ்தி, ஆடுற படகுல பறவை கண்ணுல நிக்காது. சன்ஸ்கிரீனவிட முழுக்கை காட்டன் சட்டையத்தான் நான் சொல்லுவேன். தொப்பிக்கு கயிறு இருக்கட்டும். தண்ணி எவர்சில்வர் பாட்டில்ல. ஒருமுறை தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்கு தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1லருந்தே தடை, அது இல்லாட்டியும் வேருக்கு நடுவுல சிக்குற கவர எந்த அலையும் வெளிய எடுத்துட்டுப் போகாது.

5. எப்ப போகலாம்

ஜனவரி, பிப்ரவரி. மழை ஓஞ்சிருக்கும், வெயில் தாங்கலாம், வலசை வந்த பறவைங்களும் இருக்கும். அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் வாடைக்காத்துல இந்தப் பக்கம் கடல் கொந்தளிப்பா இருக்கும், தேதி குறிச்சுட்டு வந்தாலும் படகு விடாம போகலாம். ஜூன், ஜூலைல மன்னார் வளைகுடா பக்கம் கடல் கத்திக்கிட்டு கிடந்தாலும் இங்க அமைதியாத்தான் இருக்கும், வெயில் தாங்குறவங்க அப்ப வரலாம்.

பிறகு சேத்தது

படிச்சவங்க கேட்ட சிலதுக்கு இங்கயே பதில் சொல்லிடுறேன்.

நீச்சல் தெரியாதவங்க கயாக்ல போகலாமான்னு கேட்டீங்க. லைஃப் ஜாக்கெட் எல்லா பக்கிளும் மாட்டி, ரெண்டு பேர் கயாக்ல, தெரிஞ்ச ஆளோட போங்க. காத்து எதிர்ல இருந்தா திரும்பி வர்றப்பதான் கை வலிக்கும், அதனால போறப்பயே காத்த எதிர்த்துப் போயிட்டு வர்றப்ப காத்தோட வாங்க. முட்டி வலி உள்ள பெரியவங்களுக்கு படகுதான் நல்லது, ஏறி இறங்க கை கொடுக்க ஒரு ஆள் கூட இருக்கணும்.

ஒரு தம்பி கடல் அட்டையப் பிடிச்சு பாட்டில்ல போட்டு வீட்டுக்குக் கொண்டு போகலாமான்னு கேட்டிருந்தார். கூடவே கூடாது தம்பி. கடல் அட்டை 2001லருந்து வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல வருது, புலிய பிடிக்கிறதுக்கு என்ன சட்டமோ அதேதான். கடல் குதிரை, பவளப்பாறைத் துண்டும் அப்படித்தான், கரையில ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்காதீங்க.

சாயங்காலத்துக்கு நடக்குற மாதிரி வேற எடம் கேட்டவங்க ராமநாதபுரம் திரும்பி சக்கரக்கோட்டை கண்மாய்க்குப் போங்க, அதுவும் பறவைகள் சரணாலயம். கண்மாயில தண்ணி இருக்கற வருஷம்னா கருவேல மரம் பூரா கூடு கட்டிருக்கும். கரை மேலயே நடங்க, கூடு இருக்கற மரத்துப் பக்கம் இறங்காதீங்க, பறவை பயந்து எந்திரிச்சா முட்டை வெயில்ல கிடக்கும்.

மீன் சாப்பாடு வேணும்னா போன் பண்றப்பயே எத்தன பேருன்னு சொல்லிருங்க, அன்னைக்கு வந்து கேட்டா கிடைக்காது. கையில கொஞ்சம் காசும் வெச்சுக்கோங்க, சிக்னல் இல்லாம போனா ஜிபே ஓடாது.