நோட்டை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் (பாடத்திட்ட விதிமுறை) தியரி தேர்வு 3 மணி நேரம், 100 மதிப்பெண். அந்தக் கணக்கில் ஒரு 13 மதிப்பெண் விடைக்கு 23 நிமிடம்தான் கிடைக்கும். படிப்பதையும் அதற்கேற்பப் பழக்குங்கள்.

ஒரு தலைப்பை 25 நிமிடம் படித்துவிட்டு நோட்டை மூடுங்கள். வெள்ளைத்தாளில் வரையறை, படம், சமன்பாடு என்று நினைவில் வருவதையெல்லாம் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் புதுத்தாளில் மீண்டும் எழுதுங்கள். ஏழாம் நாள் கடிகாரம் வைத்து 23 நிமிடத்துக்குள்.

பலர் தடுமாறுவது முதல் தாளில். பாதி மறந்திருக்கும், பதறிப்போய் உடனே நோட்டைத் திறப்பார்கள். இரண்டு நிமிடமாவது யோசியுங்கள். அந்தத் திணறலில்தான் பாடம் மனதில் பதிகிறது. திரும்பத் திரும்ப வாசித்தால் பக்கம் பழகிப்போகும், தெரிந்தது போலவே இருக்கும். தேர்வு அறையில் கை ஓடாது. ஹைலைட்டரும் அப்படித்தான் ஏமாற்றும்.

சமன்பாட்டைப் படிப்படியாக வருவிக்கும் டெரிவேஷனில் நடுவில் சிக்கினால் அடுத்த ஒரு வரியை மட்டும் பார்த்து மூடி, முதல் வரியிலிருந்து தொடங்குங்கள். சிக்கிய இடத்திலிருந்து தொடர்ந்தால் அந்த இணைப்பு மறுபடியும் அறுந்துபோகும்.